22 மாதக் குழந்தையோடு கிறிஸ்மஸ்: இரண்டு வீடு, முப்பது சொந்தம், எப்படிச் சமாளிப்பது?

முத்துநகர்_மகள் | நவம்பர் 27

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இருப்பது சென்னையில். இந்த கிறிஸ்மஸுக்கு மகனுக்கு 22 மாதம் முடிந்திருக்கும். கணவர் வீடு பாளையங்கோட்டை, சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை. என் பிறந்த வீடு தூத்துக்குடி, நாங்கள் கத்தோலிக்கர். கல்யாணம் ஆன நாளிலிருந்து 24 இரவு திருப்பலிக்கு அம்மா வீடு, அது முடிந்த கையோடு காரில் ஏறி, விடியுமுன் நடக்கும் ஆராதனைக்குப் பாளை. ஒரு மணி நேர வழிதான். நாங்கள் இரண்டு பேராக இருந்தவரை வருடத்திலேயே எனக்குப் பிடித்த இரவு அது.

போன வருடம் மகனுக்கு 10 மாதம். அதே மாதிரி போனோம். 23ஆம் தேதி காலையில் ரயிலை விட்டு இறங்கியதிலிருந்து அவன் ஒரு மடியில் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் இருக்கவில்லை. கை மாறிக்கொண்டே இருந்தான். அன்று ராத்திரி ஒன்றரை மணிக்கு, வீடு வீடாகப் பாடி வரும் கேரல் ரவுண்டு வந்தது. டிரம் சத்தத்தில் திடுக்கிட்டு எழுந்தவன் முகத்துக்கு நேரே முகமூடி போட்ட கிறிஸ்மஸ் தாத்தா. அவன் அழுத அழுகையை இன்னும் மறக்க முடியவில்லை. மறுநாள் இரவுப் பயணம், பனி, தூக்கமில்லை. 25ஆம் தேதி மத்தியானம் பிரியாணிப் பந்தி நடக்கும்போது அவனுக்குக் காய்ச்சல். பால் குடிக்கவில்லை. நான் பின்கட்டில் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு நின்று அழுதேன்.

யாரும் கெட்டவர்கள் இல்லை. அத்தைக்கு அவன் முதல் பேரன். என் அம்மாவுக்கும் அப்படித்தான். எல்லோரும் ஆசையாகத்தான் தூக்கினார்கள். அதனாலேயே யாரிடமும் ஒன்றும் சொல்ல வாய் வரவில்லை.

இந்த வருடம் 23 இரவுக்கு அக்டோபரிலேயே டிக்கெட் எடுத்துவிட்டோம் (60 நாளுக்கு முன் திறந்த அன்றே எடுத்தால்தான் கிடைக்கிறது). 24 காலையில் இறங்கி 28 இரவு திரும்புகிறோம். போகாமல் இருப்பது என்ற பேச்சே இல்லை. எப்படிப் போவது என்பதுதான் கேள்வி. இரண்டு வீட்டிலும் மனம் கோணாமல், அவனும் படுத்துவிடாமல், இந்தப் பண்டிகை அவனுக்கும் பண்டிகையாக இருக்க என்ன செய்தீர்கள்?

---

நெல்லை_அப்பா | நவம்பர் 27

அதே பாதையில் வந்தவன் என்பதால் சொல்கிறேன். முதலில் அந்த இரவுப் பயணத்தை வெட்டுங்கள். ஒரு வருடம் அம்மா வீட்டுத் திருப்பலி, அடுத்த வருடம் அத்தை வீட்டு ஆராதனை. மற்ற வீட்டுக்கு 26 அல்லது 27. இதை இப்போதே, டிசம்பர் பிறக்குமுன், இரண்டு வீட்டுக்கும் சொல்லிவிடுங்கள். அங்கே போய் இறங்கியபின் சொன்னால் அது சண்டையாகும். நவம்பரிலேயே சொன்னால் அதையும் சேர்த்துத் திட்டம் போட்டுக்கொள்வார்கள். உங்கள் அத்தையிடம் கணவர் சொல்லட்டும், உங்கள் அம்மாவிடம் நீங்கள் சொல்லுங்கள். மாற்றிச் செய்ய வேண்டாம்.

இன்னொன்று, உங்களில் ஒருவர் ஆராதனையை முழுதாக விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். என் மகள் இரண்டு வயதில் பாளை ஊசிக்கோபுரக் கோவிலுக்கு உள்ளே ஒரு பாட்டு முடியும்வரைதான் உட்கார்ந்தாள். அப்புறம் நான் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். 1826இல், மிஷனரி ரேனியஸ் ஐயர் காலத்தில் கட்டிய கோவில். நான் அந்த சபையிலேயே வளர்ந்தவன், ஆனால் அந்தக் கோபுரத்தை அவ்வளவு நேரம் அண்ணாந்து பார்த்தது அன்றைக்குத்தான். நட்சத்திர விளக்குகளை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வளாகத்தைச் சுற்றினோம். உள்ளே பாட்டு கேட்கிறது, வெளியே பனி, அவள் என் காதைப் பிடித்துக்கொண்டு "இன்னொண்ணு, இன்னொண்ணு" என்கிறாள். அந்த ஆராதனையை நான் இழந்துவிட்டதாக நினைக்கவே இல்லை.

---

ஆச்சி_65 | நவம்பர் 28

நான் கொஞ்சம் வேறு மாதிரி சொல்லப் போகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே மகளே.

நாங்கள் நாசரேத் பக்கம். எங்கள் வீட்டில் கிறிஸ்மஸுக்கு நாற்பது பேர் படுத்திருப்போம், பாய் போட இடமிருக்காது. என் நான்கு பிள்ளைகளும் ஆலயத்தில் தரையில் விரித்த சேலை மேல் தூங்கித்தான் வளர்ந்தார்கள். யார் மடியில் தூங்குகிறது என்று பிள்ளைக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதுதான் சொந்தம். இப்போது பேரப்பிள்ளைகள் வரும்போது "இத்தனை மணிக்குத் தூங்கணும், இதைத் தரக்கூடாது, அவர் தூக்கக்கூடாது" என்று ஒரு சட்டம் வருகிறது. நாங்கள் வருடம் முழுவதும் போனில் முகம் பார்த்துக் காத்திருக்கிறோம். பிள்ளை வந்து இறங்கும்போது வாசலில் நின்று கையை நீட்டினால், "இப்போ வேண்டாம்மா" என்றால் நெஞ்சு என்னவோ செய்கிறது.

உன் அத்தையிடம் எதைச் சொன்னாலும் "தராதே, தூக்காதே" என்று சொல்லாதே. அவளுக்குச் செய்ய ஏதாவது கொடு.

---

வார்டு_அக்கா | நவம்பர் 28

ஆச்சி சொன்ன கடைசி வரி நூற்றுக்கு நூறு சரி. முதல் பாதியில் மட்டும் எனக்கு ஒரு மாறுபாடு. நாற்பது பேர் வீட்டில் வளர்ந்த பிள்ளை அந்த நாற்பது பேரையும் தினமும் பார்த்தது. இந்தப் பிள்ளை மூன்று பேர் வீட்டில் வளர்கிறது. அவனுக்கு அவர்கள் சொந்தம் என்பது நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாதே. எட்டு ஒன்பது மாதத்தில் தொடங்கும் அந்நியர் பயம் இரண்டு வயதுவரைகூட இருக்கும். அது வளர்ச்சியின் ஒரு பகுதிதான். அழுதால் சொந்தத்தை மதிக்கவில்லை என்று அர்த்தமில்லை. அவன் தரையில் இருக்கட்டும், பெரியவர்கள் தரையில் வந்து உட்காரட்டும். பத்து நிமிடத்தில் அவனே பக்கத்தில் வருவான். கையை நீட்டினால்தான் ஓடுவான்.

நான் குழந்தைகள் வார்டில் வேலை செய்கிறேன். டிசம்பர் கடைசி வாரம் எங்களுக்கு ஓய்வே கிடையாது, அதனால் சிலவற்றை அழுத்திச் சொல்கிறேன்.

பட்டன் பேட்டரி. பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை, மினுக்கும் சின்ன மெழுகுவர்த்தி விளக்கு, வெளிச்சம் வரும் பொம்மை, ரிமோட், எல்லாவற்றிலும் இருக்கிறது. விழுங்கிய பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் மாட்டிக்கொண்டால் 2 மணி நேரத்துக்குள் உள்ளே புண்ணாக்கத் தொடங்கிவிடும். விழுங்கினானோ என்று சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்காமல் நேரே ஆஸ்பத்திரி. காலைவரை பார்க்கலாம் என்று இருக்கக்கூடாது.

அடுத்து முழு முந்திரி, வேர்க்கடலை, மிக்சர், முழுசான திராட்சை. இந்த வயதில் மூச்சுக்குழாயில் போய்விடும். பந்தி வீட்டில் தாழ்வான டீப்பாய் மேல் தட்டு தட்டாக வைத்திருப்பார்கள், அவன் கைக்கு எட்டும் உயரம் அதுதான்.

அப்புறம் எண்ணெய்ச் சட்டி. நம் ஊரில் பலகாரம் பின்வாசலில் தரையில் கல் அடுப்பு கூட்டித்தான் சுடுகிறோம். நடக்கத் தெரிந்த பிள்ளைக்கு அதைவிட ஆபத்தான இடம் அந்த வீட்டில் இல்லை. அடுப்பு எரியும் நேரம் முழுக்க ஒரே ஒரு ஆள் பிள்ளையின் பொறுப்பில் இருக்க வேண்டும், "எல்லோரும் பார்த்துக்கொள்கிறோம்" என்றால் யாரும் பார்க்கவில்லை. சுட்டுவிட்டால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீர், பற்பசையும் மையும் வேண்டாம். கம்பி மத்தாப்பைப் பிள்ளை கையில் கொடுத்துப் படம் எடுப்பதும் வேண்டாம், எரிந்து முடிந்த கம்பிகூடச் சுடும்.

---

முத்துநகர்_மகள் | நவம்பர் 29

படித்துவிட்டுக் கணவரிடம் காட்டினேன். அவர் நேற்றிரவே அத்தையிடம் பேசினார். இந்த வருடம் 24, 25 பாளை. தூத்துக்குடிக்கு 26 காலை. அத்தைக்கு ஒரே சந்தோஷம். என் அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பாலனைக் குடிலில் வைக்கும்போது நீ இல்லாமல் இருந்ததே இல்லையே" என்றார். எனக்கும் தொண்டை அடைத்தது. அடுத்த வருடம் 24 உங்களோடு என்று உறுதி சொல்லியிருக்கிறேன்.

ஆச்சி, "செய்ய ஏதாவது கொடு" என்றீர்களே, 22 மாதப் பிள்ளையோடு சேர்ந்து என்ன செய்யச் சொல்லலாம்?

---

ஆச்சி_65 | நவம்பர் 29

கேட்டாயே, இதற்குத்தான் காத்திருந்தேன்.

குடிலுக்குப் புல் வளர்க்கச் சொல். நாங்கள் சி.எஸ்.ஐ. ஆனாலும் எங்கள் வீட்டில் குடில் உண்டு. ஒரு தட்டில் மண்ணும் சாம்பலும் பரப்பி கேழ்வரகோ நெல்லோ தெளித்து டிசம்பர் 14 வாக்கில் வைத்தால் 24க்கு விரல் உயரம் பச்சையாக நிற்கும். ஊரில் அத்தை ஒரு தட்டு வைக்கட்டும், சென்னையில் உன் மகன் ஒரு தட்டு வைக்கட்டும். தினமும் போனில் இரண்டு பேரும் தண்ணீர் தெளித்துக் காட்டிக்கொள்ளட்டும். பத்து நாள் ஒரே முகத்தை ஒரே வேலையோடு பார்த்தால் ஊருக்கு வரும்போது அது தெரிந்த முகம். அக்கா சொன்ன அந்நியர் பயத்துக்கு இதுவே மருந்து என்று நினைக்கிறேன்.

குடில் பொம்மைகளை அவன் எடுப்பான், எடுக்கட்டும். ராஜாக்களையும் தேவதூதனையும் உயரத்தில் வைத்துவிட்டு ஆடுகளை அவன் கைக்கு விடு.

---

கடலோரம் | டிசம்பர் 2

நாங்கள் குளச்சல் பக்கம். நீங்கள் 26ஆம் தேதி பயணம் என்று எழுதியதைப் பார்த்து இதை எழுதத் தோன்றியது.

எங்கள் பக்கத்துக் கடற்கரை ஊர்களில் 25 மாலையே சத்தம் அடங்கத் தொடங்கிவிடும். 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்மஸுக்கு வந்த சொந்தங்கள் எல்லா வீட்டிலும் இருந்தார்கள், பிள்ளைகள் புதுச் சட்டையோடு கடற்கரையில் நின்றார்கள். மணக்குடிப் பாலத்தையே கொண்டுபோன சுனாமி அலை அது. என் சித்தி வீட்டில் இரண்டு பிள்ளைகள். அதனால் எங்களுக்கு 26 காலை நினைவுத் திருப்பலி, கல்லறையில் மெழுகுவர்த்தி, பூ.

என் மகளுக்கு இப்போது இரண்டரை வயது. போன வருடம் அவளையும் கல்லறைக்குக் கூட்டிப்போனேன். வேண்டாம் என்றார்கள் சிலர். சித்திதான் "கொண்டு வா" என்றார். அவள் பூவை ஒவ்வொன்றாக எடுத்து எல்லாக் கல்லறையிலும் வைத்தாள், யாருடையது என்று பார்க்காமல். சித்தி அவள் தலையைத் தடவிக்கொண்டே நின்றார். சின்னப் பிள்ளைகளுக்குப் பண்டிகை என்றால் கேக்கும் விளக்கும் மட்டும் என்று நாம் முடிவு செய்ய வேண்டாம் என்று எனக்குத் தோன்றுகிறது. வீட்டுப் பெரியவர்கள் சுமப்பதன் பக்கத்திலும் அவர்கள் நிற்கலாம்.

---

நெல்லை_அப்பா | டிசம்பர் 2

அண்ணன், படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுத முடியவில்லை. 2023 டிசம்பர் 17, 18இல் எங்கள் பக்கம் பேய்மழை பெய்து தாமிரபரணி வெள்ளம் வந்தபோதும் கிறிஸ்மஸ் அப்படித்தான் இருந்தது. பலகாரம் சுட வாங்கி வைத்த மாவையும் வெல்லத்தையும் பலர் சமையல் கூடங்களுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

---

புது_மருமகள் | டிசம்பர் 5

நான் இந்துக் குடும்பம், கணவர் வீடு நாகர்கோவிலில் கிறிஸ்தவக் குடும்பம். மகளுக்கு ஒன்றேகால் வயது. என் அப்பா அம்மாவும் இந்த வருடம் முதல்முறையாக கிறிஸ்மஸுக்கு வருகிறார்கள். பயமாகவும் இருக்கிறது, ஆசையாகவும் இருக்கிறது. இரண்டு பக்கமும் கலந்து உட்கார ஒரு வழி சொல்லுங்களேன். இனிப்பு விஷயத்திலும் ஒரு கேள்வி. எல்லோரும் அவள் வாயில் கேக் ஊட்டத் துடிக்கிறார்கள்.

---

வார்டு_அக்கா | டிசம்பர் 5

இரண்டு வயதுவரை சர்க்கரை சேர்த்த பண்டம் தவிர்ப்பதே நல்லது என்றுதான் குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். விரல் நுனி கேக் தின்றதற்காக உயிரை விட வேண்டாம், ஆனால் முப்பது பேர் ஆளுக்கொரு விரல் நுனி என்றால் அவள் மத்தியானச் சோற்றைத் தொட மாட்டாள். ரம்மில் ஊறிய பழம் போட்ட கேக் என்றால் விரல் நுனிகூட வேண்டாம். ஊட்டியே ஆக வேண்டும் என்கிறவர்கள் கையில் வாழைப்பழத்தையோ ஒரு துண்டு இட்லியையோ கொடுங்கள். அவர்களுக்கு வேண்டியது ஊட்டுகிற சந்தோஷம். கிறிஸ்மஸ் காலை நம் வீடுகளில் இட்லியும் கறிக்குழம்பும்தானே, இட்லிக்குப் பஞ்சமில்லை.

---

ஆச்சி_65 | டிசம்பர் 5

மகளே, உன் அப்பா அம்மாவை அக்கம்பக்கத்துக்குப் பலகாரத் தட்டு கொண்டுபோகும்போது சேர்த்து அனுப்பு. அச்சு முறுக்கு, முந்திரிக்கொத்து, அதிரசம் வைத்து மேலே துணி மூடி, பேத்தியின் கையையும் தட்டில் ஒரு ஓரம் பிடிக்க வை. ஒரு பக்கம் உன் அம்மா, ஒரு பக்கம் உன் மாமியார். தீபாவளிக்கு அந்த வீடுகளிலிருந்து நமக்குத் தட்டு வந்திருக்கும், ரம்ஜானுக்கு எதிர்வீட்டிலிருந்து நோன்புக் கஞ்சி வந்திருக்கும். உன் பெற்றோருக்கு அந்தத் தெரு புரிந்துவிடும். ஒரு அறையில் எதிரெதிரே உட்கார வைத்து "பேசுங்கள்" என்றால் என்ன பேசுவார்கள்? சேர்ந்து நடந்தால் பேச்சு தானாக வரும்.

---

முத்துநகர்_மகள் | டிசம்பர் 29

நேற்று இரவு ரயில் ஏறி இன்று காலை சென்னை வந்தோம். நடந்ததை எழுதாமல் பெட்டியைப் பிரிக்க மனம் வரவில்லை.

கேழ்வரகுத் தட்டு பலித்தது. பத்து நாளும் காலையில் எழுந்ததும் "ஆச்சி புல்லு" என்று போனைக் கொண்டுவந்து நீட்டினான். 24 காலை பாளை வீட்டு வாசலில் அத்தை கையை நீட்டவில்லை. தட்டோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அவன் என் இடுப்பிலிருந்து தானே இறங்கிப் போனான். புல்லைத் தொட்டுவிட்டு அவர் மடியில் சாய்ந்து நின்றான். அத்தை அவனைத் தூக்காமல், அசையாமல் அப்படியே இருந்தார். கண் மட்டும் நிறைந்துவிட்டது.

கேரல் ரவுண்டு விஷயத்தைக் கணவர் சபை வாலிபர்களிடம் முன்பே சொல்லியிருந்தார். 24 இரவு எங்கள் தெருவுக்கு முதலில், எட்டரைக்கே வந்துவிட்டார்கள். கிறிஸ்மஸ் தாத்தா இந்த முறை கொழுந்தன்தான். மகன் பார்க்கப் பார்க்கவே சிவப்பு அங்கியை மாட்டினார், முகமூடி இல்லை, பஞ்சுத் தாடி மட்டும். தாடியை வைத்து, எடுத்து, வைத்து, எடுத்து நாலைந்து தடவை காட்டினார். அப்புறம் மகனே தாடியைப் பிடித்து இழுத்து "சித்தப்பா" என்றான். டிரம் அடிக்கும்போது மட்டும் என் தோளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அவர்கள் டிரம்மை நிறுத்திவிட்டு ஒரு பாட்டை வெறும் கையைத் தட்டியே பாடினார்கள். யாரும் கேட்கவில்லை, அவர்களாகவே செய்தார்கள்.

விடியற்கால ஆராதனைக்குக் கணவர் போனார், நான் அவனோடு தூங்கினேன். ஒன்பது மணிக்கு இருவரையும் கோவிலுக்குக் கூட்டிப்போனார். கூட்டமில்லை. நெல்லை_அப்பா சொன்ன மாதிரி கோபுரத்தை அண்ணாந்து பார்த்தோம். மத்தியானம் அவன் தூங்குகிற அறைக்கு வெளியே மாமா ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து வருகிறவர்களை எல்லாம் "உஷ்" என்று அனுப்பினார். அந்த வேலையை அவரே எடுத்துக்கொண்டார்.

எல்லாமே நன்றாக நடக்கவில்லை. உறவினர் ஒருவர், நான் வேண்டாம் என்று சொன்னபின்னும், அவன் வாயில் முழு முந்திரி வைத்துவிட்டார். விரல் விட்டு எடுக்கும்படி ஆகவில்லை, அவனே துப்பினான். ஆனால் நான் சத்தம் போட்டுவிட்டேன், பந்தியில் ஒரு நிமிடம் அமைதி. அத்தைதான் "அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று தட்டுகளை எல்லாம் அலமாரி மேல் ஏற்றினார். அந்த ஒரு வாக்கியம் எனக்கு இந்த வருடத்துப் பரிசு.

26 காலை தூத்துக்குடி. அம்மா குடிலை எங்களுக்காக மறுபடி ஒருமுறை திறந்தார். பாலன் சொரூபத்தை எடுத்துத் துணியில் சுற்றி வைத்திருந்தார், மகன் கையால் வைக்க வேண்டுமென்று. வைத்தான். வைத்துவிட்டு ஒரு ஆட்டை எடுத்துக்கொண்டான். அதற்கப்புறம் மூன்று நாளும் அந்த ஆடு அவன் கையில்தான். அம்மா சுட்ட முட்டைவெள்ளைக்கரு மக்ரூனைக்கூட அவன் கேட்கவில்லை, ஆடு இருந்தால் போதும் என்று இருந்துவிட்டான். அன்று மாலை கடற்கரையில் அம்மாவோடு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினோம். கடலோரம் அண்ணனின் சித்தியை நினைத்துக்கொண்டேன், அவரிடம் சொல்லுங்கள்.

ரயிலில் ஏறிய பிறகுதான் பார்த்தேன், ஆட்டை விரல் மூடிக் கையிலேயே வைத்துத் தூங்கியிருக்கிறான். அம்மாவுக்குப் போன் செய்தேன். "தெரியும், அடுத்த வருடம் அவனே கொண்டுவரட்டும்" என்றார்.

---

ஆச்சி_65 | டிசம்பர் 29

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். உன் அத்தைக்கு என் அன்பைச் சொல் மகளே. கையை நீட்டாமல் உட்கார்ந்திருந்தாளே, அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். என் பேரன் பொங்கலுக்கு வருகிறான். நானும் அப்படி உட்கார்ந்து பார்க்கிறேன்.

---

வார்டு_அக்கா | டிசம்பர் 29

படித்து மனம் நிறைந்தது. ஒன்றே ஒன்று: அந்த ஆடு எவ்வளவு பெரியது? 3 செ.மீ.க்கு உள்ளே இருந்தால் தூங்கும்போது கையில் விடாதீர்கள்.

---

முத்துநகர்_மகள் | டிசம்பர் 30

அளந்து பார்த்தேன் அக்கா, 5 செ.மீ. இருக்கிறது. ஆனால் மண் பொம்மை, ஒரு கால் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தது. எடுத்து சாமிப் படத்துக்குப் பக்கத்தில் உயரத்தில் வைத்துவிட்டேன். இன்று காலை என்னை அங்கே இழுத்துப்போய்த் தூக்கச் சொன்னான். காய்ந்துபோன கேழ்வரகுத் தட்டிலிருந்து நாலு புல்லைப் பிடுங்கி வந்து அதன் முன்னால் வைத்திருக்கிறான்.